மதிலுக்குள் மனை

என் நண்பர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மயிலாப்பூர் வாசத்தை முடித்துக்கொண்டு, செங்கற்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவே ஒரு வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். 'கேட்டட் கம்யூனிட்டி' என்கிறார்களே, அந்த ரகம். முந்நூறு வீடுகள், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலின் தலையில் முள்கம்பி, கார்களுக்கு ஒரு பெரிய வாசல், மற்றவர்களுக்கு ஒரு சின்ன வாசல். "நீர் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் ஐயா, உமக்குக் கதை கிடைக்கும்" என்று ஆறு மாதமாக வற்புறுத்திக்கொண்டிருந்தார். சென்ற மாசியில் போனேன்.

வாசலில் நிறுத்திவிட்டார்கள். காவலுக்கு இருந்த பையன் ஒடிசாக்காரன். என் பெயரைக் கேட்டான். யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டான். கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டான். பிறகு என் முகத்தைப் படம் பிடித்தான். அந்தப் படம் நண்பருடைய கைப்பேசிக்குப் போய், அவர் விரலால் தொட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் குறுக்குக் கம்பம் மேலே போயிற்று. இருபது வருஷ சிநேகத்துக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது! எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. காத்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் சின்ன வாசலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் பையைத் திறந்து காட்டினார்கள்.

நண்பர் நல்ல மனுஷர். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நீந்தும் குளம், நடக்கும் பாதை, பிள்ளையார் கோயில், அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் ஒரு பனை வரிசை, அதற்கும் அப்பால் ஒரு பழைய ஊர். "இது இந்தச் சீமைக்கே புதிசு. அமெரிக்காவிலிருந்து வந்த ஏற்பாடு" என்றார் அவர் பெருமையோடு. அவர் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான்.

அமெரிக்காவில் இருப்பது வாஸ்தவந்தான். நியூ ஜெர்ஸியில் லூவெலின் பார்க் என்ற குடியிருப்பை, வாசலில் காவல் மனை வைத்து, 1857லேயே கட்டினார்கள். ஆனால் செங்கற்பட்டுக்காரன் மதிலைப் பற்றி அமெரிக்காவிடம் பாடம் கேட்கவேண்டியதில்லை. மறுநாள் நண்பரை அவருடைய காரிலேயே சதுரங்கப்பட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மாமல்லபுரத்துக்கு எல்லோரும் போகிறார்கள். தெற்கே இன்னும் சில மைல் போய்ச் சதுரங்கப்பட்டினத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம். வெள்ளைக்காரர்கள் 'சட்ராஸ்' என்று வாயில் நுழைந்தமட்டும் சொல்லி வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே துணி வாங்க வந்தார்கள். சுற்றுப்புறத்துக் கைக்கோளர் நெய்த மெல்லிய சல்லாத் துணிக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி. சரக்குக்குக் கிடங்கு வேண்டியிருந்தது, கிடங்குக்கு மதில், மதிலுக்குள்ளே வீடு, சமையலறை, கடைசியில் கல்லறை. இன்று செங்கல் மதில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே கல்லறைக் கற்களில் டச்சு எழுத்துகளைப் பூ வேலையோடு செதுக்கியிருக்கிறார்கள். 1754ஆம் வருஷம் இந்த ஊரில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். சென்னையிலிருந்து வான்சிட்டார்ட்டும் பால்க்கும் வந்தார்கள். பேச்சு முறிந்தது. 1781ல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து இந்தக் கோட்டையையே பிடித்துக்கொண்டார்கள்.

மதிலை நம்பினவர்களின் கதை இந்தக் கரையில் ஒன்றா இரண்டா? வடக்கே கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது. 1752ல் கிளைவ் அதைப் பிடித்தான். அந்தச் சூட்டோடு செங்கற்பட்டுக் கோட்டையையும் பிடித்தான். விஜயநகரத்தார் கட்டிய செங்கற்பட்டுக் கோட்டை, ஒரு பக்கம் ஏரியும் மறு பக்கம் அகழியுமாக, எளிதில் விழாது என்று பெயர் வாங்கியிருந்தது. கிளைவிடம் இருந்த படையோ லண்டன் தெருவில் பொறுக்கி எடுத்து அனுப்பிய கும்பல். கோவளத்தில் முதல் குண்டு விழுந்ததும் எல்லோரும் ஓடிப்போனார்கள். ஒருவனை வெகு நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளே கண்டுபிடித்தார்கள் என்று மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். இப்பேர்ப்பட்ட வீரர்களுக்கு முன்னால் இரண்டு கோட்டைகளும் பணிந்தன! பிற்காலத்தில் செங்கற்பட்டுக் கோட்டையை ரயில் பாதை ஊடறுத்துக்கொண்டு போயிற்று. இன்று ரயிலில் போகிறவர்கள் கோட்டைக்குள் புகுந்து வெளியேறுவது தெரியாமலே வேர்க்கடலை கொறித்துக்கொண்டு போகிறார்கள்.

சென்னைக் கோட்டையையும் இந்த வரிசையில் சேர்க்கவேண்டும். மதிலுக்குள்ளே வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம். துபாஷியும் சலவைக்காரனும் காலையில் உள்ளே போய் மாலையில் வெளியே வரவேண்டும். 1769ல் ஹைதர் அலியின் குதிரைப்படை பட்டணத்தின் வாசலுக்கே வந்துவிட்டுப் போன பிறகு, வெளியே இருந்த கறுப்பர் பட்டணத்துக்கும் ஒரு மதில் கட்டினார்கள். அந்தச் செலவுக்குக் குடிகளிடம் வரி போடுவது என்று உத்தேசம். வரி வசூலாகவே இல்லை என்பார்கள். 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் தங்கிவிட்டது. இதைச் சொன்னபோது நண்பர் முகம் மாறியது. அவருடைய குடியிருப்பில் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களின் ஜாபிதாவை அவர்தான் வைத்திருக்கிறாராம்.

"இதெல்லாம் அந்நியன் கட்டினது. அவன் பயந்தான், கட்டிக்கொண்டான். நம்மவர்களுக்கு ஏது மதில்?" என்றார் அவர், கோட்டை வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. செங்கற்பட்டுச் சீமையின் பழைய மதில்கள் செங்கல்லால் ஆனவை அல்ல.

மேற்கே உத்திரமேரூருக்குப் போனால் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் வருஷத்தவை. முப்பது குடும்பு, குடவோலை, வாரியம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் நெட்டுருப் போட்டதுதான். நம்முடைய ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் பேசுகிறோம். பேசட்டும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று சொன்ன அந்த ஊரார் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் யார் வரலாம் என்பதையும் படிக்கவேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும்; வேதம் தெரிந்திருக்கவேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். குடி வாரத்துக்கு உழுதவனுக்கும் கூலிக்கு அறுத்தவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. நண்பருடைய குடியிருப்போர் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஓட்டு இல்லை என்பது ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளைப் பார்த்தால், வரியில்லாத நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாக வருகின்றன. மதில் இல்லாமலே எல்லை போட்டாயிற்று.

இந்த எல்லைக்குச் செங்கற்பட்டில் ஒரு சொத்தின் பெயரே இருந்தது. தமிழில் காணியாட்சி. நவாபு காலத்திலிருந்து மிராசு. 1763ல் ஆர்க்காட்டு நவாபு இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் வரி வாங்க வந்து பார்த்தால், கிராமம் யாருடையது என்றே புரியவில்லை. பார்னார்டு என்பவர் 1767லிருந்து ஏழு வருஷம் கிராமம் கிராமமாக அளந்தார். பிறகு லயனல் பிளேஸ் கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரிக் கரையில் ராமலக்ஷ்மணர் வில்லோடு நின்று வெள்ளத்தைத் தடுத்ததைக் கண்டதாகச் சொல்கிறார்களே, அந்தக் கலெக்டர் துரை இவர்தான். ராமரைக் கண்டவருக்கும் மிராசு பிடிபடவில்லை! கடைசியில் அதை விளக்கினவர் எல்லிஸ். திருக்குறளில் மோகம் கொண்டு தன் பெயரையே எல்லீசன் என்று மாற்றிக்கொண்ட அதே எல்லிஸ். சர்க்கார் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில் 1818ல் அச்சாயிற்று.

அதன் சாரம் இவ்வளவுதான். கிராமம் முழுவதும் இத்தனை பங்கு என்று கணக்கு. பங்கு உள்ளவன் மிராசுதார். நிலம் மட்டும் அல்ல. ஏரித் தண்ணீர், மேய்ச்சல் தரை, தரிசு, வீட்டு மனை எல்லாவற்றிலும் அவனுக்குப் பங்கு உண்டு. சில ஊர்களில் நிலத்தை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டார்கள், அது அறுதிக்கரை. சில ஊர்களில் பிரிக்காமல் வைத்து, சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டார்கள், அது பசுங்கரை. பங்கில்லாமல் பயிரிடுகிறவனுக்குப் பாயகாரி என்று பெயர். ஊரிலேயே குடியிருந்தால் உள்குடிப் பாயகாரி, அடுத்த ஊரிலிருந்து வந்தால் பரகுடிப் பாயகாரி. அவன் மிராசுதாரருக்குத் துண்டுவாரம் கொடுக்கவேண்டும். இவர்களுக்கெல்லாம் கீழே, நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள். சேரி நத்தமும் மிராசுதார்களுடையது என்பதால், ஆள் முறைத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். ஊருக்குள் யார் இருக்கலாம், யார் வந்து போகலாம், யார் எந்த வழியாக நடக்கலாம் என்று சொல்லும் உரிமையை வாங்கவும் விற்கவும் ஒற்றி வைக்கவும் முடிந்தது.

ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் காலத்துக் களத்துமேட்டில், நெல்லைப் பங்கிடுவதற்கு முன்னால், வெட்டியானுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, தச்சனுக்கு, கோயிலுக்கு என்று மேரை அளந்து ஒதுக்கினார்கள். பார்னார்டின் கணக்குகளில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு அது பொற்காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். அளந்து போடுகிறவன் கையில் மரக்கால் இருந்தது. வாங்குகிறவன் துண்டை விரித்து நின்றான். ஆனாலும் குவியலில் அவனுக்கு ஒரு பாத்தியம் இருந்தது என்பதும் நிஜம்.

1843ல் சட்டம் அடிமைத்தனத்தை ஒப்புக்கொள்ள மறுத்தது. மனை மட்டும் மிராசுதாரிடமே இருந்தது. 1891ல் செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே விழுந்து 'எனக்குத்தான் முதல் உரிமை' என்கிறார். மனுப் போட்டவனுக்குக் குடியிருக்கும் மனையே நிச்சயமில்லை என்று விவரமாக எழுதினார். அதன் விளைவாக 1892ல் உத்தரவு பிறந்தது. நிலமில்லாதவர்களுக்குச் சர்க்கார் நிலம் ஒதுக்கியது. குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது, பிறகும் அவர்களுக்குள்ளேயே விற்கவேண்டும் என்று நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று பெயர் வந்தது இப்படித்தான். நிபந்தனையைப் பார்த்துப் பயந்துபோய் யாரும் வாங்காமல் இருந்துவிடவில்லை. நூறு வருஷத்தில் எத்தனையோ ஏக்கர் கை மாறியது. செங்கற்பட்டுப் பகுதியில் காரணை என்ற ஊரில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

அதற்குள் காலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ரயில் பாதை ஓரத்தில் சர்க்கார் மறைமலை நகரை அமைத்தது. அதற்கு மதில் இல்லை. யார் வேண்டுமானாலும் பஸ்ஸில் போய் இறங்கலாம். 2002ல் பரனூர்ப் பக்கம் மஹிந்திரா நகரம் திறந்தது. அதே வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கம் வாங்கத் தொடங்கினார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் வந்து சேர்ந்தன. சவுக்குத் தோப்பும் மானாவாரிக் கொல்லையும் ஏரிப் பாசன வயலும் மனைகளாயின. ஏக்கரில் வாங்கியதைச் சதுர அடியில் விற்றார்கள். மனையோடு ஒரு மதிலும் சேர்த்துக் கொடுத்தால் விலை கூடுகிறது என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். வயசான இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள். முனிசிபாலிட்டி தெரு விளக்கைக் கவனிப்பதில்லை, குப்பையை எடுப்பதில்லை. சங்கம் கவனிக்கிறது. நண்பரின் மனைவிக்கு ஒரு நாள் ராத்திரி மாரடைப்பு வந்தபோது ஐந்து நிமிஷத்தில் எட்டுப் பேர் ஓடி வந்தார்களாம். மயிலாப்பூரில் மாடி வீட்டுக்காரர் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ஆனால் தண்ணீர் அட்டையைக் காட்டி அனுமதி கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கடல் பொங்கியபோது, சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கம் அணுசக்தி ஊழியர் குடியிருப்பிலும் புகுந்தது. பக்கத்துக் குப்பங்களிலும் புகுந்தது. இரு பக்கமும் செத்தார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வீடுகள் மூழ்கினபோது, மாடியில் தவித்தவர்களை மீட்கக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகு கொண்டுபோனார்கள். அன்றைக்கு யாரும் அவர்களை எந்த வாசலிலும் நிறுத்திப் படம் பிடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்ததும் நண்பர் தம் கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து போட்டார். அவர் வாங்கியிருப்பது அடுக்கு வீடு. 'பிரிபடாத பங்கு' இத்தனை சதுர அடி என்று எழுதியிருந்தது. எல்லிஸ் துரை பார்த்திருந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்திருப்பார்.

அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அப்போது காப்பி கொண்டுவந்தாள். ஐம்பது வயசு இருக்கும். மாடியிலிருந்து தெரிந்த அந்தப் பழைய ஊர்தான் அவள் ஊர். ஊர் என்றால் ஊரை ஒட்டிய காலனி. பேச்சுக் கொடுத்தேன்.

"கேட்டு இருக்குதே சார், அங்கதான் களத்துமேடு. எங்க தாத்தாதான் களத்துக் காவலு. ராவெல்லாம் அங்கியே கெடப்பாரு."

"நிலம் உங்களுடையதா அம்மா?"

"நமக்கு ஏது சார்? ரெட்டியாரு நெலம். நாங்க நடவு நட்டோம். இப்ப இந்த வேலையில மாசம் பொறந்தா காசு வந்துடுது. நடவுல அது இல்ல. பொய் சொல்லக் கூடாது." கொஞ்சம் தயங்கினாள். "வழிதான் சார் போச்சு. முன்ன எல்லாம் வண்டிப் பாதை ஒண்ணு இப்படிக் குறுக்கால போவும். அஞ்சு நிமிசத்துல பஸ்ஸு ரோடு. இப்ப செவுத்தைச் சுத்திகினு போவணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மழையில நடக்குதுங்க. வேலைக்கு வர்றப்ப உள்ள வுடறாங்க. ரோட்டுக்குப் போவ உள்ள வுட மாட்டேங்கிறாங்க."

நண்பர் பத்திரக் கட்டிலிருந்து மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். இந்த ராஜ்யத்தில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது உள்ளே போடும் பொது ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. பெரிய மனையாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு திறந்த வெளிக்கும் ஒதுக்கவேண்டும். வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் அது இருந்தது. பெரிய வாசலிலிருந்து நேராகப் பின் மதில் வரைக்கும் போகும் முப்பது அடி ரோடு பஞ்சாயத்துக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது என்று கண்டிருந்தது. பின் மதிலுக்கு அந்தப் பக்கம் காலனி.

நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கமிட்டி கூடுகிறது. சொல்லிப் பார்க்கிறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து டெலிபோனில் விசாரித்தேன். தண்ணீர் லாரிக்காரரின் விலை, நாய் வளர்ப்போர் மீது புகார், நீந்தும் குளத்துக்கு ஓடு மாற்றுவது, இந்த மூன்றிலேயே பொழுது சரியாகப் போய்விட்டதாம். ரோட்டு விஷயத்தை அவர் எழுந்து நின்று சொன்னாராம். செயலாளர் குறித்துக்கொண்டாராம். பின் மதில் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, இரண்டு அடி உயர்த்தவேண்டும் என்று வேறொருவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியதாம்.

"நீர் எதிர்த்து ஓட்டுப் போட்டீரா?" என்று கேட்டேன்.

"நானும் இன்னும் மூன்று பேரும்" என்றார்.